பெர்தாமிலிருந்து வந்த பரிசு

கெப்பாலா பத்தாஸ்காரன் என்று அறிமுகப்படுத்திக்கொண்டால் பல்கலைக்கழக நண்பர்கள் இரண்டே கேள்விகள் கேட்பார்கள். "பாக் லா ஊரா?" என்பது ஒன்று. "அது கெடாவில்தானே இருக்கிறது?" என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குத் தயங்காமல் தலையாட்டிவிடலாம். 2003 முதல் 2009 வரை நாட்டின் ஐந்தாவது பிரதமராக இருந்த துன் அப்துல்லா அகமட் படாவியின் நாடாளுமன்றத் தொகுதி அது. இரண்டாவது கேள்விக்குத்தான் பொறுமை வேண்டும். பினாங்கு என்றால் தீவு மட்டுமே என்று எண்ணுபவர்களுக்கு, கடலுக்கு இந்தப் பக்கம் செபராங் பிறை என்றொரு பெருநிலம் இருக்கிறது, அதன் வடக்கே வயல்களும் செம்பனைத் தோட்டங்களும் சூழ எங்கள் ஊர் இருக்கிறது என்று விளக்கி முடிப்பதற்குள் தே தாரிக் ஆறிப்போய்விடும்.

இந்த ஊரில் இருந்துகொண்டு போக்கிமோன் கோ விளையாடிய கதையைத்தான் எழுத வந்திருக்கிறேன். தமிழ் ஆண்டிதழில் கைத்தொலைபேசி விளையாட்டைப் பற்றியா என்று மூத்த உறுப்பினர்கள் புருவத்தை உயர்த்தக்கூடும். சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறியாதவர்களுக்காகச் சில வரிகள். போக்கிமோன் என்பது 1996-இல் ஜப்பானில் நிண்டெண்டோவின் கேம் பாய் கருவிக்கு வந்த விளையாட்டு. அதைப் படைத்த சத்தோஷி தாஜிரி சிறு வயதில் பூச்சி பிடிப்பதில் பைத்தியமாக இருந்தவராம். அந்தப் பூச்சி வேட்டையின் இன்பம்தான் விளையாட்டுக்கு வித்து. இருபது ஆண்டுகள் கழித்து, 2016 ஜூலை 6-ஆம் நாள், நியாண்டிக் எனும் அமெரிக்க நிறுவனம் அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. கைத்தொலைபேசியில் தெரியும் வரைபடம் நாம் நிற்கும் உண்மையான ஊர்தான். நாம் நடந்தால் அதிலுள்ள பொம்மையும் நடக்கும். வழியில் போக்கிமோன்கள் எதிர்ப்படும். கேமராவைத் திறந்தால் நம் வீட்டு வாசலில், கால்வாய் ஓரத்தில் அவை நிற்பதுபோல் காட்டும். மிகைமெய் என்று இதைத் தமிழில் சொல்கிறார்கள். கோவில், சிலை, சுவரோவியம் போன்ற இடங்களெல்லாம் 'போக்கிஸ்டாப்' எனும் நிறுத்தங்கள். அருகே சென்று விரலால் சுழற்றினால் பந்துகள் கிடைக்கும், முட்டைகள் கிடைக்கும். முட்டை பொரிய அப்போது 2, 5 அல்லது 10 கிலோமீட்டர் நடக்க வேண்டியிருந்தது. உட்கார்ந்த இடத்தில் எதுவும் நடவாது.

மலேசியாவுக்கு அது 2016 ஆகஸ்டு 6-ஆம் நாள், ஒரு சனிக்கிழமை வந்து சேர்ந்தது. நான் அப்போது கீழ் ஆறாம் படிவ மாணவன். எஸ்.பி.எம். முடிந்ததும் என்னோடு ஒன்றாம் படிவத்திலிருந்து ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் மெட்ரிகுலேஷனுக்கும் பாலிடெக்னிக்குக்கும் வேலைக்கும் பிரிந்து போய்விட்டார்கள். புது வகுப்பில் எனக்குப் பேச்சு வரவில்லை. மலாய் மொழியில் நான் கட்டுரை எழுதினால் ஆசிரியர் வாசித்துக் காட்டுவார்; ஆனால் கடையில் நின்று "அக்கா, ரொட்டி சானாய் ரெண்டு" என்று அதே மொழியில் கேட்க வேண்டுமானால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பள்ளி முடிந்தால் வீடு, வீட்டில் என் அறை. அம்மா சாப்பாட்டுத் தட்டோடு கதவைத் தட்டும் அளவுக்குப் போயிருந்தது நிலைமை. அப்படிப்பட்ட என்னை வாசலுக்கு வெளியே இழுத்தது அந்த விளையாட்டு.

வெளியே வந்தால் எங்கள் தாமானில் ஒரு நிறுத்தம்கூட இல்லை!

அதற்கு ஒரு காரணம் உண்டு. நியாண்டிக்கின் நிறுவனர் ஜான் ஹேங்கி முன்பு நடத்திய கீஹோல் நிறுவனத்தை 2004-இல் கூகுள் வாங்கியது. இன்றைய கூகுள் எர்த் அதிலிருந்து பிறந்ததுதான். பின்னர் நியாண்டிக் 'இங்கிரஸ்' என்ற வேறொரு விளையாட்டை 2012-இல் வெளியிட்டது. அதை விளையாடியவர்கள் தத்தம் ஊரின் சிறப்பான இடங்களைப் படமெடுத்து அனுப்பினார்கள். அந்தப் பட்டியல்தான் போக்கிமோன் கோவுக்கு அடித்தளம். இங்கிரஸ் விளையாட ஆள் இருந்த ஊரில் நிறுத்தங்கள் குவிந்தன. ஆள் இல்லாத ஊர் வெறும் சாம்பல் நிறக் கோடுகளாகக் கிடந்தது. 2008-இல் உலகப் பாரம்பரியத் தகுதி பெற்று, 2012-இல் எர்னஸ்ட் சக்காரெவிச் வரைந்த சுவரோவியங்களால் கூட்டம் கூடிய ஜோர்ஜ்டவுனில் பத்தடிக்கு ஒரு நிறுத்தம். எங்கள் பக்கம் இரண்டு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்தால் ஒன்று. ஊருக்குச் சிறப்பு இல்லை என்பதில்லை. எழுதி அனுப்ப ஆள் இல்லை. தோட்டப்புறங்களின் வரலாற்றுக்கும் இதே கதிதான் என்று பின்னாளில் இக்கழகத்துக் கருத்தரங்கு ஒன்றில் நான் பேசியிருக்கிறேன். அந்தச் சிந்தனைக்கு முதல் விதை இந்தச் சாம்பல் நிற வரைபடம்தான்.

இருந்த ஒரு சில நிறுத்தங்களில் ஒன்று பெர்தாமில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மேம்பட்ட மருத்துவ, பல் மருத்துவக் கழகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. மாலையில் சைக்கிளை அங்கே நிறுத்திவிட்டு நிற்பேன். அங்கே எப்போதும் ஒருவர் நின்றுகொண்டிருப்பார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், பிறை தொழிற்பேட்டையில் வேலை செய்பவர் என்று சட்டையைப் பார்த்தால் தெரியும். மூன்று நாள் பக்கத்தில் பக்கத்தில் நின்றும் நான் பேசவில்லை. நான்காம் நாள் அவரே கேட்டார்.

"தம்பி, உனக்கு என்னா காட்டுது?"

இந்தக் கேள்வியின் அருமை அந்த முதல் மாதங்களில் விளையாடியவர்களுக்கு மட்டுமே புரியும். தொடக்கத்தில், அருகிலுள்ள போக்கிமோன் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைக் கால்தடக் குறிகள் காட்டின. அது பழுதாகி, மலேசியாவுக்கு விளையாட்டு வருவதற்குச் சில நாள்களுக்கு முன் அடியோடு நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே ஏதோ ஒன்று அருகில் இருக்கிறது என்று தெரியும். எந்தத் திசை என்று தெரியாது. தெரிய ஒரே வழி, பக்கத்தில் நிற்பவரைக் கேட்பது. நியாண்டிக் பொறியாளர்களின் அந்தக் குறைபாட்டுக்கு நான் என்றும் கடமைப்பட்டவன்.

"அந்தப் பக்கம்ண்ணே, டாக்சி நிக்குற எடத்துல," என்றேன். அந்த மாதத்தில் வீட்டுக்கு வெளியே நான் ஓர் அந்நியரிடம் பேசிய முதல் வாக்கியம் அது.

அண்ணன் என்றே எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். அவர் அங்கு நின்றதற்குக் காரணம் விளையாட்டல்ல. அவருடைய அம்மா அந்த மருத்துவக் கழகத்தில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்தார். இரவு வேலை முடித்து வந்து, கொஞ்சம் தூங்கி எழுந்து, அம்மாவை மோட்டாரில் அழைத்து வருவார். காத்திருக்கும் நேரத்தில் கையில் எதையாவது வைத்திருக்க வேண்டும் அல்லவா?

கொஞ்ச நாளில் அந்த அம்மாவும் எங்கள் கூட்டத்தில் சேர்ந்துவிட்டார். முடிந்த அளவு தினமும் நடக்கச் சொல்லி மருத்துவர் கூறியிருந்தார். அம்மாவோ நடக்க மாட்டேன் என்று பிடிவாதம். அண்ணன் ஒரு தந்திரம் செய்தார். கைத்தொலைபேசியை அம்மாவின் கைப்பையில் போட்டுவிட்டு, "ம்மா, இதுக்குள்ள ஒரு முட்ட இருக்கு. நீ நடந்தாத்தான் பொரிக்கும்," என்றார். அக்காலத்தில் விளையாட்டைத் திறந்து வைத்திருந்தால்தான் தூரம் கணக்கில் ஏறும். மூடிய நிலையிலும் நடையை எண்ணும் வசதி 2018 பிற்பகுதியில்தான் வந்தது. எனவே திரை எரிந்துகொண்டே இருக்கும் தொலைபேசியைப் பையில் சுமந்தபடி, தலையில் துணி கட்டிக்கொண்டு, மரநிழலில் அந்த அம்மா மெல்ல நடப்பார். நானும் அண்ணனும் பின்னால் நடப்போம். "இன்னும் எவ்ளோ இருக்கு, தம்பி?" என்று என்னைக் கேட்பார். மகனை நம்பமாட்டார், அவன் கூட்டிச் சொல்வானாம்.

10 கிலோமீட்டர் முட்டை ஒன்று பொரிய அவருக்குப் பன்னிரண்டு நாள் ஆனது. வந்தது ஸ்னோர்லாக்ஸ். பெரிய தொப்பையோடு எந்நேரமும் உறங்கும் ஜந்து. அம்மா திரையைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய் உற்றுப் பார்த்தார். "ஏன்டா, இது உங்கப்பா மாதிரியே தூங்குது," என்றார். அண்ணன் சிரித்ததை நான் முதன்முதலாக அன்றுதான் பார்த்தேன்.

எங்கள் கூட்டம் அதற்குள் ஐந்தாறு பேராக வளர்ந்திருந்தது. ஐந்தாம் நிலையை எட்டியதும் நீலம், சிவப்பு, மஞ்சள் ஆகிய மூன்று அணிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நானும் அண்ணனும் மஞ்சள். சிவப்பு அணியில் ஒரு மலாய் நண்பன் இருந்தான். முஸ்லிம்கள் இவ்விளையாட்டைத் தவிர்க்க வேண்டும் என்று கூட்டரசுப் பிரதேச முஃப்தி தரப்பு அந்த ஆகஸ்டில் அறிவுறுத்தியபோது, அவன் வீட்டாரின் சொல்லுக்கிணங்க விளையாட்டை அழித்துவிட்டான். ஆனால் மாலைக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. நாங்கள் திரையைப் பார்த்துக்கொண்டு சாலையில் இறங்காதபடி பார்த்துக்கொள்வது தன் வேலை என்று சொல்லிவிட்டு, எங்கள் கணக்கில் தே தாரிக் குடிப்பான். அவனோடு பழகிப் பழகித்தான் என் மலாய் நாக்கு அவிழ்ந்தது.

நீல அணியில் ஓர் அப்பேக் இருந்தார். எழுபதை நெருங்கியவர். பேரனுக்காகப் பிடிக்கத் தொடங்கி, பேரன் சலித்து விட்டுவிட்ட பிறகும் தாம் விடாதவர். மேஜிகார்ப் என்று ஒரு கெண்டை மீன் உண்டு. எதற்கும் உதவாது, துள்ள மட்டும் தெரியும். ஆனால் அதற்குரிய 400 மிட்டாய்கள் சேர்த்தால் அது கியாராடோஸ் எனும் பெரும் கடல்நாகமாக மாறும். ஒரு மீன் பிடித்தால் மூன்று மிட்டாய், அதை அனுப்பிவிட்டால் இன்னொன்று. ஆக ஏறத்தாழ நூறு கெண்டை பிடிக்க வேண்டும். இது என்ன வீண் வேலை என்று நான் அலுத்துக்கொண்டபோது அப்பேக் ஒரு சீனக் கதை சொன்னார். ஆற்றை எதிர்த்து நீந்திப்போய், அருவியின் உச்சியிலுள்ள டிராகன் வாயிலைத் தாண்டிக் குதிக்கும் கெண்டை, டிராகனாகிவிடுமாம். தேர்வில் வெல்லும் மாணவனுக்கு அந்தக் காலத்துச் சீனர்கள் அதைத்தான் உவமை சொல்வார்களாம். "யூ சிக்ஸ்த் ஃபார்ம், லா? யூ ஆல்சோ கெண்டை," என்று மூன்று மொழி கலந்து என் முதுகில் தட்டினார். 'கெண்டை' என்ற சொல்லை அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துவைத்திருந்தார்!

நூறு கெண்டைக்குக் கடல்தான் வழி என்று, ஞாயிறுகளில் பட்டர்வொர்த் போய் ஃபெரி ஏறுவோம். அப்போது தீவுக்குப் போக 1 வெள்ளி 20 காசு. திரும்பி வர இலவசம். ஃபெரி நகர நகர வரைபடத்தில் எங்கள் பொம்மைகள் கடல்மேல் நடந்து போகும். அந்தப் பழைய இரண்டடுக்கு ஃபெரிகள் 2020 இறுதியோடு சேவையிலிருந்து ஓய்ந்தன. அவற்றின் எஞ்சின் நடுக்கம் உள்ளங்காலில் ஏறியதை இன்றைய படகுகளில் போகிறவர்களுக்கு எப்படி விளக்குவது? அக்கரையில் பாடாங் கோத்தா லாமாவில் இரவு பத்து மணிக்குக்கூட நூற்றுக்கணக்கானவர்கள் கையில் வெளிச்சத்தோடு நிற்பார்கள். யாரோ ஒருவர் ஏதோ அரியது வந்துவிட்டதாகக் கத்துவார். திடல் முழுவதும் ஒரே திசையில் ஓடும். இன்று நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. அன்று அந்த ஓட்டத்தில் நானும் சீனர், மலாய்க்காரர், வெள்ளைக்காரப் பயணிகள் என்று தோளோடு தோள் உரசி ஓடினேன். நின்றபின் மூச்சிரைக்க "டப்பாத் கா?" என்று யாரையும் கேட்க முடிந்தது. கிடைத்ததா என்று அர்த்தம்.

2017 பிறந்தபோது அம்மாவால் நடக்க முடியவில்லை. அந்த ஆண்டுத் தைப்பூசத்தில்தான் பினாங்கில் முதன்முறையாகத் தங்கத்தேர் ஓடியது. அதுவரை ஆண்டாண்டாய்க் கண்டது செட்டியார்களின் வெள்ளித்தேர். புதுத் தேரைப் பார்த்துவிட வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை, உடல் இடங்கொடுக்கவில்லை. அண்ணன் பக்கத்திலிருந்து நகர முடியாது. அதனால் நான் போனேன். கூட்டத்தில் ஒரு கால்வாய்த் திட்டின்மேல் ஏறி நின்று, வாட்ஸ்அப் காணொளி அழைப்பில் தேரைக் காட்டினேன். கை வலிக்க வலிக்க உயர்த்திப் பிடித்திருந்தேன். மறுமுனையில் அம்மா கும்பிட்ட கைகள் மட்டுமே திரையில் தெரிந்தன. சுற்றிலும் அத்தனை நிறுத்தங்கள் இருந்தும் அன்று விளையாட்டைத் திறக்கத் தோன்றவில்லை.

மார்ச்சு மாதம் அம்மா காலமானார்.

காரியம் முடிந்த சில வாரங்களில் அண்ணன் ஜொகூர் பாருவுக்குப் போய்விட்டார். நாள்தோறும் விடியுமுன் மோட்டாரில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்துவிட்டு இரவில் திரும்பும் ஆயிரக்கணக்கான மலேசியர்களில் அவரும் ஒருவரானார். நான் அனுப்பிய செய்திகளுக்குப் பதில் இல்லை. பிறகு அழைப்பதையும் குறைத்துக்கொண்டேன். வற்புறுத்துவது சரியாகப் படவில்லை. நான் எஸ்.டி.பி.எம். எழுதினேன். அப்பேக் முழங்கால் வலி காரணமாக வருவதில்லை. கூட்டம் கலைந்தது. தனியாக, பழக்கத்தினால், மாலையில் நடந்துகொண்டிருந்தேன்.

2018 ஜூனில் அந்த விளையாட்டில் நட்பு என்ற ஒரு வசதி சேர்க்கப்பட்டது. ஒவ்வொருவருக்கும் 12 இலக்க எண் ஒன்று உண்டு. அதைக் கொடுத்தால் நண்பராகலாம். நண்பர்கள் நாளொன்றுக்குப் பரிசுப்பொதி அனுப்பிக்கொள்ளலாம். அந்தப் பொதியை நாமாக உருவாக்க முடியாது. நாம் நேரில் போய்ச் சுழற்றிய நிறுத்தம் ஒன்றிலிருந்து கிடைத்ததாக இருக்க வேண்டும். அதைப் பிரித்தால் அந்த நிறுத்தத்தின் படமும் பெயரும் ஊரும் ஓர் அஞ்சலட்டைபோல் தெரியும். ஒரு நாள் பழகினால் நல்ல நண்பர், 7 நாளில் அடுத்த படி, 30 நாளில் அதற்கும் அடுத்தது, 90 நாளில் அப்போதைய உச்சம். நட்பை இப்படி நாள்கணக்கில் அளப்பது சிரிப்பை வரவழைக்கும் செயல்தான்.

அந்த ஜூன் மாதத்தின் இறுதியில், ஓராண்டுக்கு மேல் மௌனமாக இருந்த எண்ணிலிருந்து எனக்கொரு வாட்ஸ்அப் வந்தது. வணக்கம் இல்லை, நலமா இல்லை. 12 இலக்கங்கள் மட்டும்.

அன்றிலிருந்து நாள்தோறும் ஒரு பரிசு வரும். உட்லண்ட்ஸில் ஒரு நீரூற்று. ஜொகூர் பாருவில் ஒரு கோவில் கோபுரம். ஏதோ ஓர் அடுக்குமாடியின் சுவரோவியம். நானும் அனுப்புவேன். செப்டம்பரில் எனக்குப் பல்கலைக்கழக இடம் கிடைத்து மிண்டன் வளாகத்துக்கு வந்த பிறகு என் அட்டைகளும் மாறின. ஒரு சொல்கூடப் பேசிக்கொள்ளாமல் 90 நாள் கடந்தோம். அவர் காலையில் எங்கே இருக்கிறார், வேலை மாறினாரா, விடுமுறை நாளில் எங்கே போகிறார் என்பதெல்லாம் படங்களிலிருந்தே எனக்குத் தெரியும். இரண்டு நாள் அட்டை வராவிட்டால் காய்ச்சலோ என்று கவலை வரும்.

2019 மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை, விரிவுரைக்கு இடையில் பொதியைப் பிரித்தேன். பெர்தாம். அந்தப் பழைய நிறுத்தம். அம்மா நடந்த மரநிழல்.

நாளைக் கணக்கிட்டுப் பார்த்தேன். இரண்டாம் ஆண்டுத் திதி. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். மிண்டனிலிருந்து துறைமுகத்துக்குப் பேருந்து, பிறகு ஃபெரி, பினாங்கு சென்ட்ரலில் இன்னொரு பேருந்து. போய்ச் சேர மாலையாகிவிட்டது. அதற்குள் அவர் போயிருப்பார் என்றுதான் நினைத்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாய் இளைத்திருந்தார்.

"வந்துட்டியா," என்றார்.

"பரிசு வந்துச்சுண்ணே."

"நீ தொறந்து பாப்பேனுதான் அனுப்புனேன்."

இருட்டும்வரை பேசினோம். பெரும்பாலும் அவர் பேசினார். என்ன செய்தி எழுதத் தொடங்கினாலும் முதல் வரியிலேயே அம்மா வந்துவிடுவதாகவும், அதனால் எழுதவே முடியாமல் போனதாகவும் சொன்னார். பொத்தானை அழுத்துவது சுலபமாக இருந்ததாம். "அழுத்துனா நீ உயிரோட இருக்கேன்னு தெரியும். நான் உயிரோட இருக்கேன்னு உனக்குத் தெரியும். அது போதும்னு இருந்துச்சு." நான் ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. ஆறாம் படிவத்துப் பையனாக இருந்தபோது எனக்குப் பேசத் தெரியவில்லை. இப்போது பேசத் தெரிந்தும், சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஆண்டு இக்கழகத்தில் எனக்கொரு பொறுப்பு கொடுத்தார்கள். முதலாம் ஆண்டு மாணவர்களைப் பழக்கப்படுத்தும் நிகழ்ச்சிக்கு, ஜோர்ஜ்டவுனில் நிறுத்தங்களைத் தொடர்ந்து நடக்கும் ஒரு நடையை ஏற்பாடு செய்தேன். குயின் தெருவில் 1833-இல் எழுந்த மாரியம்மன் கோவில், சூலியா தெருவின் நாகூர் தர்கா, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், சுவர்களில் கம்பியால் வளைத்த கேலிச் சித்திரங்கள் என்று போனோம். சூலியா என்பது சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களைக் குறித்த பெயர் என்பதைக் கேட்டு, அந்தத் தெருவில் நூறு முறை நாசி கண்டார் தின்ற ஒரு மாணவர் வாயைப் பிளந்தார். பதினைந்து பேருக்கு முன்னால் மூன்று மணி நேரம் விடாமல் பேசியது நான்தான் என்று என் அம்மாவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. படம் காட்ட வேண்டியிருந்தது.

2019 இறுதியில், 40-ஆம் நிலையை எட்டியவர்கள் தங்கள் ஊரின் இடங்களைப் புது நிறுத்தங்களாகப் பரிந்துரைக்கலாம் என்ற வழி திறந்தது. 40-ஆம் நிலைக்கு அப்போது 2 கோடிப் புள்ளிகள் தேவைப்பட்டன. அண்ணன் எட்டியிருந்தார், எனக்கு இன்னும் தூரம் இருந்தது. 2020 பொங்கலுக்கு ஊர் வந்தவர் என்னை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு அம்மா பிறந்து வளர்ந்த தோட்டத்துக்கு அழைத்துப் போனார். லயங்கள் இல்லை. பால்மரம் இருந்த இடத்தில் செம்பனை. அம்மா படித்த தோட்டத் தமிழ்ப்பள்ளியைப் பரிந்துரைக்கலாம் என்று நான் சொன்னேன். அவர் விதிகளைப் படித்திருந்தார். தொடக்கப்பள்ளிகளும் இடைநிலைப்பள்ளிகளும் பிள்ளைகளின் பாதுகாப்புக் கருதி ஏற்கப்படமாட்டா. எஞ்சியது, ஆலமரத்தடியில் தகரக் கூரையோடு நிற்கும் ஒரு முனியாண்டி கோவில்.

பெயரை எழுதும்போது எங்களுக்குள் ஒரு வாக்குவாதம். முனீஸ்வரர் ஆலயம் என்று எழுதினால் மதிப்பாக இருக்கும் என்றேன். "எங்கம்மா முனியாண்டின்னுதான் கூப்புடும்," என்றார். முனியாண்டி கோவில் என்றே எழுதினோம். விளக்கத்தை நான் மலாயிலும் தமிழிலும் எழுதினேன்: தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் கட்டியது, குடியிருப்புகள் மறைந்த பின்னும் ஆண்டுதோறும் பிள்ளைகள் திரும்பி வந்து பூசை போடுகிறார்கள். நான்கே வரி. அதற்கு நான் எடுத்துக்கொண்ட நேரம் என் ஆய்வுக் கட்டுரையின் முன்னுரைக்குக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. பரிந்துரையை முகமறியாத மற்ற விளையாட்டாளர்கள் பார்த்து வாக்களிப்பார்கள். பிப்ரவரியில் ஏற்கப்பட்டது. சாம்பல் நிறத் தோட்டத்தின் நடுவே ஒரு நீலப் புள்ளி.

மார்ச்சு 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. எல்லை மூடப்பட்டது. வேலையை இழக்க முடியாத அண்ணன் சிங்கப்பூரிலேயே தங்கிவிட்டார். ஓர் அறையில் ஐந்து பேர். சில வாரங்கள் என்று நினைத்தது ஒன்றரை ஆண்டையும் தாண்டியது. தரைவழி எல்லை 2021 நவம்பர் 29-இல் ஓரளவும், 2022 ஏப்ரல் 1-இல் முழுமையாகவும் திறக்கும்வரை ஊர் மண்ணை அவர் மிதிக்கவில்லை. இரண்டு திதிகள் அங்கேயே கழிந்தன.

கட்டுப்பாடு தளர்ந்த 2020 ஜூன் முதல் நான் வீட்டிலிருந்துதான் படித்தேன். இணைய விரிவுரை முடிந்ததும் மோட்டாரை எடுத்துக்கொண்டு அந்தத் தோட்டத்துக்குப் போவேன். வீட்டிலிருந்து பதினைந்து நிமிடம். செம்பனைக்கு நடுவே தொலைபேசித் தொடர்பு ஒரு கோடுதான் கிடைக்கும். நிறுத்தத்தைச் சுழற்றி, கிடைத்த பொதியை அவருக்கு அனுப்புவேன். கோவில் வாசலைக் கூட்டிவிட்டுத் திரும்புவேன். வெள்ளிக்கிழமைகளில் சூடமும் ஏற்றுவேன். எத்தனை அனுப்பினேன் என்று எண்ணவில்லை. வேறு நிறுத்தத்திலிருந்து அனுப்பினால் மறுநாள் காலை கேள்வி வரும்: "ஏன் தம்பி, கோயிலுக்குப் போகலியா? மழையா?" இப்போது அவர் வாய்விட்டு எழுதக் கற்றுக்கொண்டிருந்தார். 2021-இல் அஞ்சலட்டைகளைச் சேமித்து வைக்கும் ஏடு ஒன்று விளையாட்டில் வந்தபோது, அவர் முதலில் பொதிந்து வைத்தது முனியாண்டியைத்தான். தம் அறையிலிருந்த மற்ற நால்வருக்கும் காட்டினாராம். அவர்களில் ஒருவர் தைப்பிங் பக்கத் தோட்டத்துப் பிள்ளை. தங்கள் கோவிலுக்கும் இப்படிச் செய்ய முடியுமா என்று கேட்டாராம்.

2022 ஏப்ரலில் அண்ணன் வந்தார். விடியற்காலையில் பாலத்தைக் கடந்து, இரவில் கெப்பாலா பத்தாஸ் சேர்ந்து, மறுநாள் காலை ஆறரைக்கெல்லாம் என் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தார். கோவிலில் அவர் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் சற்றுத் தள்ளி மரத்தடியில் நின்றேன். வெகுநேரம் கழித்துத் திரும்பியவர், "டேய், நீ கூட்டுனது சுத்தமாத்தான் இருக்கு," என்றார்.

இன்று விளையாடுபவர்கள் குறைந்துவிட்டார்கள். 2025-இல் நியாண்டிக் தன் விளையாட்டுகளை ஸ்கோப்லி நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. வரைபடத்திலிருக்கும் முனியாண்டிக்கு இதெல்லாம் தெரியுமோ தெரியாது. மலாய் நண்பன் இப்போது சுங்கை பட்டாணியில் ஆசிரியன்; நோன்புப் பெருநாளுக்குப் போய்வருவோம். அப்பேக் தொண்ணூற்றில் பாதியைப் பேரனுக்குத் தந்துவிட்டேன் என்று வேடிக்கை பேசிக்கொண்டு தம் கணக்கைப் பேரனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். கியாராடோஸ் மூன்று இருக்கின்றன. அண்ணன் ஜொகூரில் குடும்பமாகிவிட்டார்.

சென்ற வாரம் அவரிடமிருந்து அழைப்பு. நிறுத்தத்தின் படத்தை மாற்ற வேண்டுமாம். நாங்கள் எடுத்தது ஆறு ஆண்டுக்கு முந்தையது. அதில் பழைய தகரக் கூரைதான் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் சேர்ந்து ஓடு போட்டுவிட்டார்கள். "காலையிலயே போய் எடு தம்பி, சாயங்காலம் வெயில் நேரா மூஞ்சில அடிக்கும்," என்றார். வரும் ஞாயிறு மழையில்லாவிட்டால் போவதாக இருக்கிறேன்.